செஞ்சது காணுமா? 1541இல் கைக்கு எட்டிய ஒரு சமாதானம்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு போன் கால்.

என் காலேஜ் ரூம்மேட் திருநெல்வேலிப் பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். போன வருஷம் ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்து கூப்பிட்டான். உள்ளே அவனோட ஆச்சிக்குக் கடைசி நாட்கள். விடியக்காலையில் எழுந்து ஜெபம் பண்றவங்க, ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லன்னாலும் கஞ்சியோட போய் நிக்கிறவங்க. அன்னைக்கு அவன் கையைப் பிடிச்சு, "எய்யா, நான் செஞ்சதெல்லாம் காணுமா?"ன்னு கேட்டிருக்காங்க. காணுமான்னா போதுமான்னு அர்த்தம், அவங்க ஊர்ப் பேச்சு.

"என்ன ஆச்சி இப்படிக் கேக்கிய? ஒங்கள மாதிரி யாரு செஞ்சிருக்கா?"ன்னு இவன் சொல்லியிருக்கான். ஆச்சி முகத்தில் நிம்மதி வரல. "நான் சொன்னது தப்பாடா?"ன்னு என்கிட்ட கேட்டான்.

எனக்குப் பதில் தெரியல. நான் கிறிஸ்தவன் கிடையாது. சர்ச்சுக்குப் போனதெல்லாம் நண்பர்கள் கல்யாணத்துக்குத்தான். ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்தது. படிக்க ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சது, 500 வருஷம் முன்னாடி ஐரோப்பாவின் சர்ச்சை ரெண்டா உடைச்சதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு. அதைவிட ஆச்சரியம், 1541இல் ரெண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதுக்கு ஒரே பதிலை எழுதிட்டாங்க. அது ஏன் நிக்கலங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

ஒரு சொல், ரெண்டு அர்த்தம்

முதலில் அந்தச் சொல். தமிழ் கிறிஸ்தவர்கள் 'நீதிமானாக்கப்படுதல்' என்பார்கள். தப்பு செய்கிற ஒரு மனிதன், கடவுள் முன்னால் சரியானவனாக எப்படி நிற்கிறான்? பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் இதுதான் மையக் கேள்வி. விசுவாசத்தால், என்பது பவுலின் பதில். அது வரைக்கும் சண்டையே இல்லை.

சிக்கல் மொழிபெயர்ப்பில் ஆரம்பிக்கிறது. பவுல் பயன்படுத்திய கிரேக்க வினைச்சொல்லுக்குக் கோர்ட் வாசனை உண்டு. நீதிபதி ஒருத்தரைக் குற்றமற்றவர்னு அறிவிப்பது மாதிரி. அதே சொல் லத்தீனில் 'யூஸ்டிஃபிகாரே' ஆனது. அதைப் பிரித்தால் 'நீதிமானாகச் செய்வது' என்று வரும். அறிவிப்பது வேறு, மாற்றுவது வேறு. லத்தீனில் படித்த அகஸ்டின் அதை 'மாற்றுவது' என்றே எடுத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு மேற்கு ஐரோப்பா ஆயிரம் வருஷத்துக்கு மேல் அப்படித்தான் படித்தது. அந்த வாசிப்பில் இது ஒரு நீண்ட பயணம். ஞானஸ்நானத்தில் ஆரம்பிக்கும், கடவுளின் கிருபை உள்ளே வரும், மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவான். விசுவாசம் அந்தப் பயணத்தின் முதல் படி. அன்பு அதோடு சேர்ந்தால்தான் அது முழுமை.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடறேன். 'கத்தோலிக்கர்கள் நல்ல காரியம் செஞ்சு மோட்சம் வாங்கலாம்னு சொன்னாங்க, லூத்தர் இல்லன்னு சொன்னார்'னு இணையத்தில் நிறையப் பேர் சுருக்கிடறாங்க. அது சரியில்லை. மனித முயற்சி மட்டுமே போதும் என்ற பெலாஜியஸின் கருத்தை 418இலேயே கார்த்தேஜ் சங்கம் கண்டித்துவிட்டது. கிருபை வேண்டுமா வேண்டாமா என்பது சண்டையே இல்லை. விசுவாசம் அங்கே என்ன வேலை செய்கிறது, அதுதான் சண்டை.

ஒரே வருஷத்தில் பிறந்த ரெண்டு பேர்

1483இல் ரெண்டு குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று ஜெர்மனியில், மார்ட்டின் லூத்தர். இன்னொன்று வெனிஸ் நகரத்தின் பிரபுக் குடும்பத்தில், காஸ்பரோ கொன்டரினி. லூத்தரை எல்லோருக்கும் தெரியும். கொன்டரினியை எனக்கும் போன வருஷம் வரை தெரியாது.

லூத்தர் 1505இல் துறவி ஆனார். அந்தக் காலத்து ஒரு பிரபலமான போதனை, கேப்ரியல் பீல் போன்றவர்கள் சொன்னது: உன்னால் முடிந்ததைச் செய், கடவுள் தன் கிருபையை மறுக்கமாட்டார். கேட்க ஆறுதலாத்தான் இருக்கு. ஆனால் 'முடிந்ததையெல்லாம் நான் செஞ்சுட்டேனா?' என்பதை யார் சொல்வது? நம்ம பாஷையில் சொன்னா, ரிக்வயர்மென்ட் இருக்கு, எப்போ முடிஞ்சதுங்கிறதுக்கு அளவுகோல் இல்லை. லூத்தர் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வார், வெளியே வந்ததும் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வரும், திரும்பப் போவார். 'கடவுளின் நீதி' என்ற சொல்லையே வெறுத்ததாகப் பின்னாளில் எழுதினார். அந்த நீதி கடவுள் தண்டிக்கும் நீதி இல்லை, கொடுக்கும் நீதி என்று அவர் ரோமர் கடிதத்தில் கண்டுகொண்டதுதான் திருப்பம்.

கொன்டரினி கதை வேற ரூட். அவருடைய நெருங்கிய நண்பர் ஜுஸ்டினியானி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலை மடம் ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்த பிறகும், தான் செய்யும் தவம் போதுமா என்று அவருக்குப் பயம். 'எல்லாத்தையும் துறந்த அவருக்கே இந்தப் பயம்னா, ஊரில் குடும்பம், அரசியல்னு இருக்கிற என் கதி என்ன?' கொன்டரினி உடைந்துபோனார். 1511, ஈஸ்டருக்கு முந்தைய நாள், ஒரு துறவியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறார். அங்கே பேசியதில் அவருக்கு ஒன்று புரிகிறது: எவ்வளவு தவம் செய்தாலும் கணக்கு நேராகாது, நேராக்க வேண்டியதை கிறிஸ்துவின் பாடு ஏற்கெனவே செய்துவிட்டது, தான் அவரோடு விசுவாசத்தாலும் நம்பிக்கையாலும் முடிந்த அளவு அன்பாலும் சேர்ந்துகொண்டால் போதும். மடத்துக்குப் போகாமல் நகரத்திலேயே நிம்மதியாக இருக்கலாம் என்று நண்பருக்கு எழுதினார். அந்தக் கடிதங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

இது லூத்தரின் 95 வாதங்களுக்கு 6 வருஷம் முன்பு. ஒருவரை ஒருவர் தெரியாது. ரெண்டு பேரையும் அமுக்கியது ஒரே கேள்வி. ஆச்சி கேட்ட அதே கேள்வி.

கை, காசு

லூத்தர் சொன்ன விசுவாசம் எது? 'கடவுள் இருக்கிறார்னு ஒத்துக்கிறேன்' என்பது இல்லை. அது நம்பி ஒருத்தர் மேல் சாய்ந்துகொள்வது. 1520இல் எழுதிய 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' நூலில் இதை ஒரு கல்யாணமாக விளக்குகிறார். மணப்பெண்ணின் கடனெல்லாம் மாப்பிள்ளையுடையது ஆகிறது, மாப்பிள்ளையின் சொத்தெல்லாம் அவளுடையது ஆகிறது.

நான் இதை இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன். விசுவாசம் காசு இல்லை, நீட்டுற கை. கையின் தகுதிக்காக யாரும் எதுவும் கொடுப்பதில்லை. கை பலவீனமா நடுங்கினாலும் கொடுக்கிறது குறையாது. இதைக் கவனிக்காம விட்டா, 'விசுவாசத்தால்' என்பதும் இன்னொரு டார்கெட் ஆகிடும்: என் விசுவாசம் போதுமான அளவு இருக்கா? திரும்ப அதே சுழல்.

1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது, ரோமர் 3:28இல் 'மட்டும்' என்ற சொல்லை லூத்தர் சேர்த்தார். கிரேக்கத்தில் அந்தச் சொல் இல்லை. எதிர்ப்பு வெடித்தது. 1530இல் ஒரு திறந்த கடிதம் எழுதி, ஜெர்மன் மொழியின் இயல்பும் பவுலின் கருத்தும் அதைக் கேட்கின்றன என்று வாதாடினார்.

எதிர்த்தரப்பின் பயமும் சாதாரணமானதில்லை. விசுவாசம் மட்டும் போதும்னா, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் ஏன் கஞ்சி கொண்டுபோகணும்? செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் கடிதம் சொல்கிறதே? விசுவாசம் இருந்தால் மரத்தில் கனி மாதிரி செயல் தானாக வரும், ஆனால் கனி மரத்தை உண்டாக்குவதில்லை என்று லூத்தர் தரப்பு பதில் சொன்னது.

ரேகன்ஸ்பர்க்

இப்போ 1541க்கு வருவோம். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு ஒற்றுமை அவசரமாகத் தேவை. கிழக்கே உதுமானியப் படை, உள்ளே ரெண்டாகப் பிரிந்த ஜெர்மனி. ரேகன்ஸ்பர்க் நகரில் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்கிறார். கத்தோலிக்கத் தரப்பில் எக், குரோப்பர், ஃப்ளூக். புராட்டஸ்டன்ட் தரப்பில் மெலன்க்தான், பூட்சர், பிஸ்டோரியஸ். போப்பின் தூதராக வந்தவர், அப்போது கர்தினால் ஆகிவிட்ட நம்ம கொன்டரினி.

சில நாளில், மே 2ஆம் தேதி, நீதிமானாக்கப்படுதல் பற்றிய 5ஆம் பிரிவில் ஒப்பந்தம் ஆகிவிட்டது. அதன் சாரம்: கடவுள் கிறிஸ்துவின் நீதியை மனிதனுக்கு உரியதாக எண்ணுகிறார்; கூடவே மனிதனுக்குள்ளும் ஒரு மாற்றம் தொடங்குகிறது; ஆனால் மனசு சாய்ந்துகொள்ள வேண்டியது முதலாவதன் மேல்தான், உள்ளே நடக்கும் அரைகுறை மாற்றத்தின் மேல் இல்லை. விசுவாசம் என்பது அன்பின் வழியாகச் செயல்படும் உயிருள்ள விசுவாசம். 'அறிவிப்பது', 'மாற்றுவது' ரெண்டுக்கும் இடம் இருந்தது. அங்கே இருந்த ஜான் கால்வினே, எதிர்த்தரப்பு இவ்வளவு விட்டுக்கொடுத்ததில் வியந்து நண்பருக்கு எழுதினார்.

ஆனா அந்த ஒப்பந்தம் நிக்கல. லூத்தர் பார்த்துவிட்டு, இது ஒட்டுப்போட்ட துணி, ஆளாளுக்கு அவங்கவங்க அர்த்தத்தை எடுத்துப்பாங்க என்றார். ரோமும் ஏற்கவில்லை; வார்த்தைகள் தெளிவில்லை என்றது. ரெண்டு பக்கமும் சொன்ன குறை கிட்டத்தட்ட ஒண்ணுதான், அது நியாயமான குறையும்கூட. மேசையில் இருந்தவர்களும் திருவிருந்து அப்பம், பாவசங்கீர்த்தனம், சர்ச்சின் அதிகாரம் என்று அடுத்தடுத்த பிரிவுகளில் முட்டிக்கொண்டார்கள். கோடைக்குள் எல்லாம் கலைந்தது. அடுத்த வருஷமே கொன்டரினி இறந்துபோனார். சொந்த ஆட்கள் சிலருக்கு அவர் மேல் சந்தேகம் இருந்த நேரம் அது.

1547 ஜனவரி 13 அன்று டிரெண்ட் சங்கம் 16 அத்தியாயங்களும் 33 கண்டன விதிகளும் கொண்ட ஆணையை வெளியிட்டது. விசுவாசம்தான் தொடக்கமும் வேரும் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் மனிதன் ஒத்துழைக்கவே தேவையில்லை என்ற அர்த்தத்தில் 'விசுவாசம் மட்டும்' என்பவர்களைச் சபித்தது. அப்போது ஜெர்மனியில் ரெண்டு தரப்புக்கும் இடையே ஏற்கெனவே போர் நடந்துகொண்டிருந்தது.

458 வருஷம் கழித்து

1999 அக்டோபர் 31, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. இதில் விளக்கப்பட்டுள்ள போதனைக்கு 16ஆம் நூற்றாண்டின் பரஸ்பரச் சாபங்கள் பொருந்தாது என்றது அந்த அறிக்கை. 2006இல் மெதடிஸ்டுகளும், 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக அமைப்பும் சேர்ந்தன. எல்லா வித்தியாசமும் தீரவில்லை, இன்னும் ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கொன்டரினி மேசையில் எழுதியதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை அது.

தமிழிலும் இதன் தடம் இருக்கு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க் லூத்தரன். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம்', 'நீதிமான்'. பின்னால் கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை', 'ஏற்புடையவர்'. ஏற்புடையவர்னா ஏற்றுக்கொள்ளப்பட்டவர். அறிவிப்பா, மாற்றமா என்ற சண்டைக்குள் போகாத ஒரு சொல். எனக்கு அது பிடிச்சிருக்கு.

இதையெல்லாம் படிச்சிட்டு ரூம்மேட்டுக்குப் போன் பண்ணேன். நீ சொன்னது பொய் இல்லடா, ஆனா ஆச்சி கணக்குல குறையுதான்னு பயந்தப்போ நீ கணக்கைக் கூட்டிச் சொன்ன. அவங்க நம்பிக்கையில் அந்தக் கணக்கையே ஒருத்தர் தீர்த்துட்டாரே, அதை ஞாபகப்படுத்தியிருக்கலாமோ என்னவோன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சொன்னான், மறுநாள் காலையில் ஐயர் வந்து ஜெபம் பண்ணிட்டு, "பாட்டி, நீங்க செஞ்சது காணாது. அவர் செஞ்சது காணும்"னு சொன்னாராம். ஆச்சி சிரிச்சாங்களாம். அதுக்கப்புறம் ரெண்டு நாள்தான் இருந்தாங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா, நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எந்த மதமா இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.