புளோரன்ஸின் வைன் சாளரங்கள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் ஓவியங்களையும் தேவாலயங்களையுமே நாடுவர். வரலாற்றில் நாட்டங்கொண்ட என்னை ஈர்ப்பவையோ, அந்நகரின் பழைய மாளிகைச் சுவர்களில் போத்தல் ஒன்று மட்டுமே நுழையக்கூடியவாறு அமைந்த சிறு சாளரங்கள். இத்தகையவை நூற்றைம்பதுக்கும் மேல் அங்கு எஞ்சியுள்ளன.

பிரபுக்கள் தமது தோட்டத்து வைனை மாளிகையிலிருந்தே விற்பதற்கு 1559 இல் முதலாம் கொசிமோ அனுமதியளித்தார். கடைக்காரருக்கு இலாபத்தில் பங்கில்லை. வாங்க வந்த எளியவருக்கு மாளிகைக்குள் இடமில்லை. சாளரத்தைத் தட்டினால் உள்ளிருந்து ஒரு கை மட்டும் வைனை நீட்டும்.

1630 இல் கொள்ளைநோய் நகரைத் தாக்கியது. அக்காலத்தில் விற்போர் நாணயங்களை உலோகத் தட்டில் ஏந்தி, வினாகிரியால் தூய்மைப்படுத்திய பின்னரே எடுத்தனர் என 1634 இல் வெளியான நூலில் பிரான்செஸ்கோ ரொண்டினெல்லி பதிவுசெய்துள்ளார்.

காலப்போக்கில் பல சாளரங்கள் அடைக்கப்பட்டன. 2020 இல் கொவிட் பரவியபோது சில மீண்டும் பயன்பட்டன. வைனுடன் கோப்பியும் ஐஸ்கிறீமும் அவற்றினூடே கைமாறின. இன்று பயணிகள் அவற்றின் முன்னே வரிசையில் நின்று வைன் அருந்துகின்றனர்.

எளியவரை வெளியே நிறுத்துவதற்கு உயர்ந்தோர் வகுத்த இடைவெளி, நோய்க்காலத்தில் இருசாராருக்கும் காப்பானது. அதை அறிந்து அருந்துவோருக்கு அக்கிண்ணத்தில் வைனோடு வரலாறும் கிட்டும்.