பழைய ஊரா, திட்டக் குடியிருப்பா? புத்தளம் கரையோரத்தில் காணி வாங்குதல்

இலங்கையின் வடமேல் கரையில் மாஓயா முகத்துவாரத்திலிருந்து வில்பத்துக் காட்டின் ஓரம் வரை நீண்டு கிடக்கிறது புத்தளம் மாவட்டம். இந்தக் கரையில் வீட்டுக்குக் காணி தேடுகிறவர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. பல தலைமுறையாக மக்கள் வாழும் ஊருக்குள் ஒரு வளவை வாங்கலாம். அல்லது வரைபடம் கீறி, றோட்டு வெட்டி, துண்டு துண்டாகப் பிரித்த புதிய குடியிருப்பில் இடம் பிடிக்கலாம். உலகின் பெருநகரங்களில் இந்தத் தேர்வு வசதியையும் பயண நேரத்தையும் பற்றியது. புத்தளத்தில் அது போர், இடப்பெயர்வு, நிலத்தடி நீர், உறுதிப் பத்திரம் ஆகிய நான்கோடும் பின்னிக் கிடக்கிறது.

பழைய ஊர்களுக்குப் பஞ்சமில்லை. மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344இல் கரையிறங்கியது புத்தளத்தில்தான். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்பெற்ற உடப்பு, முன்னேஸ்வரம் கோயிலை ஒட்டிய சிலாபம், களப்போரக் கரைத்தீவு எல்லாம் பள்ளிக்கூடம், சந்தை, வழிபாட்டிடம், மையவாடி என்று முழுமையாக அமைந்த இடங்கள். கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை 1926இல் புத்தளத்தை எட்டியது. ஏ3 நெடுஞ்சாலையும் அந்தப் பாதையும் தொட்டுச் செல்லும் ஊர்களில் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய வேண்டியதில்லை. வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது.

திட்டக் குடியிருப்பு என்ற சொல்லுக்குள் இங்கே வெவ்வேறு வகைகள் அடங்கும். இடம்பெயர்ந்தோருக்காக அரசும் உதவி நிறுவனங்களும் அமைத்த மீள்குடியமர்வுக் கிராமங்கள் ஒரு வகை. சிலாபம், மாதம்பை, மாரவில, வென்னப்புவ பக்கங்களில் தென்னந்தோட்டங்களைப் பிரித்துத் தவணை முறையில் விற்கும் காணித்துண்டுகள் இன்னொரு வகை. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிச் சுற்றுலா அதிகாரசபை வகுத்த உல்லாச விடுதித் திட்டம் மூன்றாவது. மீனவர்களின் எதிர்ப்பும் காணித் தகராறுகளும் சூழ்ந்த அந்த மூன்றாவது வகை, குடியிருக்க வீடு தேடும் சாதாரணக் குடும்பத்துக்கு உரியதல்ல.

முகாமிலிருந்து வளவுக்கு

திட்டமிட்ட குடியிருப்பு எப்போது ஊராகிறது என்பதைப் புத்தளம் மாவட்டம் அளவுக்கு இலங்கையில் வேறெந்த மாவட்டமும் காட்டியதில்லை. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் வீடு, வயல், கடை, படகு அத்தனையையும் விட்டு வந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். கற்பிட்டி, புத்தளம், முந்தல், வனாத்தவில்லு பிரதேசங்களில் உள்ளூர் மக்கள் முதலில் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து கொடுத்தார்கள். பிறகு தென்னந்தோட்டங்களிலும் வெறுந்தரைகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தில்லையடி, ஆலங்குடா, ரத்மல்யாய போன்ற பெயர்கள் அகதி முகாம்களின் பெயர்களாக நாட்டுக்கு அறிமுகமாயின.

முகாம்களில் பலவும் தனியார் காணிகளில் இருந்தன. காணிக்காரர் கேட்டால் எழும்ப வேண்டும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது. சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களுக்கு ஆண்டுகள் கடந்தன. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் முகாமுக்குப் பக்கத்திலேயே சிறு துண்டுகளை வாங்கத் தொடங்கினார்கள். சில இடங்களில் வடக்கில் ஒரே ஊராக இருந்தவர்கள் சேர்ந்து வாங்கி, அயலையும் உறவையும் அப்படியே பெயர்த்து வைத்தார்கள். காணி விலை ஏறியது. தொழிலுக்கும் தண்ணீருக்கும் பாடசாலை இடங்களுக்கும் உள்ளூராருக்கும் வந்தவர்களுக்கும் இடையே போட்டி வந்தது. நோர்வேயைச் சேர்ந்த புவியியலாளர் கத்ரின் புருன் இந்த மக்களிடையே நீண்டகாலம் ஆய்வு செய்து 2008இல் நூலொன்றை வெளியிட்டார். சொந்தக் காணி வாங்கி வீடு கட்டிய பின்னும் அகதி என்ற பதிவு அவர்களை விட்டுப் போகவில்லை என்பதை அவருடைய ஆய்வு காட்டியது. புத்தளத்தில் வாக்காளராகப் பதிந்தால் வடக்கில் உள்ள உரிமை போய்விடுமோ என்று பலர் தயங்கினார்கள். வீடு ஓரிடத்திலும் வாக்கு வேறிடத்திலும் இருந்ததால், உள்ளூராட்சி சபையிடம் றோட்டும் குழாய் நீரும் கேட்கும் பலம் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது.

2007இல் உலக வங்கி புத்தளம் வீடமைப்புத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கியது. ஒப்பந்தகாரர் கட்டி முடித்துத் திறப்பைக் கையில் கொடுக்கும் முறையை அது விட்டுவிட்டது. கட்டுமானம் படிப்படியாக முன்னேற, குடும்பத்துக்கே பணம் தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. காணி உரிமை தெளிவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே வீட்டோடு சேர்த்துக் காணிப் பத்திரங்களைச் சீர்செய்வதும் வேலையாயிற்று. குடிநீரும் மலசலகூடமும் திட்டத்தின் பகுதிகள். முகாம்களை அண்டி வாழ்ந்த உள்ளூர் வறிய குடும்பங்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. அகதிக்கு மட்டும் கல்வீடு, பக்கத்து உள்ளூரானுக்கு ஓலைக் கொட்டில் என்றிருந்தால் பகை முற்றியிருக்கும் என்பதால் இந்த முடிவு மிகச் சரியானது.

எதிர்மாறான உதாரணம் கிழக்கில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்றுக்கு அருகே, புத்தளத்து நுரைச்சோலையின் பெயரையே கொண்ட இன்னோர் இடத்தில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எத்தனை என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்தன. புத்தளத்தில் குடும்பங்கள் தாங்களே காணியைத் தெரிந்து, தாங்களே அத்திவாரம் வெட்டியதால் அந்த நிலை வரவில்லை.

கிணறும் குழியும்

கற்பிட்டிக் குடாநாட்டில் காணி பார்க்க வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கிணறு. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருக்கும் இந்த மணல் நிலத்தில், மழைநீர் மணலுக்குள் இறங்கி உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. குடிப்பதற்கும் பயிருக்கும் அதுவே ஆதாரம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மேலிருந்து விழும் எதுவும் மணலில் தங்காமல் நேரே நீரைச் சென்றடையும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் ஆண்டு முழுவதும் பசளை இடும் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்துள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்த வரம்பு, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. குழந்தையின் குருதியால் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போகும் ஆபத்து அதில் இருக்கிறது.

இங்கேதான் பழைய வளவுக்கும் புதிய துண்டுக்கும் உள்ள வேறுபாடு கணக்காகவே தெரிகிறது. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 10 பேர்ச் துண்டு சதுரமாக இருந்தால் அதன் பக்கம் ஏறத்தாழ 52 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லும் அளவு. ஒரு மூலையில் கிணறும் மறு மூலையில் குழியும் வைத்து, தன் காணிக்குள் அந்த அளவைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் குழியை எங்கே வெட்டினார்? நாலு பக்கமும் 10 பேர்ச் துண்டுகளாக இருந்தால் எவருடைய கிணறும் தப்பாது. அரை ஏக்கர் வளவு 80 பேர்ச். அதன் பக்கம் 147 அடிக்கும் மேல். பழைய ஊரின் உள்வளவுகளில் கிணற்று நீர் வாயில் வைக்கக்கூடியதாக இருந்ததற்கு இந்த இடவசதி ஒரு பெரிய காரணம். அந்த வளவுகளும் மகள்மாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுச் சுருங்கி வருகின்றன என்பதையும் வாங்குகிறவர் கவனிக்க வேண்டும்.

ஆகவே சிறு துண்டுகள் கொண்ட குடியிருப்பில் குழாய் நீர் இல்லாமல் காணி வாங்குவது தவறான முடிவு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் நடந்த உலர் வலய நகர நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் மன்னார், வவுனியாவோடு புத்தளத்தையும் சிலாபத்தையும் எடுத்துக்கொண்டது. நகரத்துக்குக் குழாய் வந்துவிட்டது என்பதால் நகருக்கு வெளியே உள்ள துண்டுக்கும் வரும் என்று கொள்ள முடியாது. தேசிய நீர் வழங்கல், வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய அலுவலகத்தில் கேட்டால் குழாய் எந்த ஒழுங்கை வரை வந்திருக்கிறது என்பது தெரியும். கிணற்றைப் பார்க்க ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களே தக்க காலம். மழை முடிந்த தையில் எந்தக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தோன்றும்.

உறுதி, அளிப்பு, பங்கு

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சுக்கும் கைச்சீட்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. பழைய ஊர்களில் சிக்கல் வருவது பங்கில். பாட்டனார் பெயரில் ஒரே உறுதி; கீழே பதினைந்து இருபது உரித்தாளிகள்; அவர்களில் சிலர் மத்திய கிழக்கில், சிலர் இத்தாலியில். ஒருவரிடம் வாங்குகிறவருக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. எந்த மூலை தன்னுடையது என்று அவர் காட்ட முடியாது. 1977ஆம் ஆண்டின் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் தீர்வு உண்டு. ஆனால் அந்த வழக்குகள் ஒரு தலைமுறையைத் தின்றுவிடக்கூடியவை.

திட்டக் குடியிருப்பின் சிக்கல் வேறு. அரசு கொடுத்த காணியென்றால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோதான் பெரும்பாலும் கையில் இருக்கும். அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புக் காணியை விற்கவும் பிரதேச செயலாளரின் சம்மதம் தேவை. தொண்டு நிறுவனமோ பள்ளிவாசல் நிர்வாகமோ மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்த காணியாக இருந்தால், தாய் உறுதி யார் பெயரில் இருக்கிறது, ஒவ்வொரு துண்டுக்கும் தனி உறுதி எழுதப்பட்டதா என்பதைக் காணிப் பதிவகத்தில் தேடாமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. அழகான வீடு, சுற்றுமதில், மின்சாரம் எல்லாம் இருந்தும் உறுதி இல்லாத வீட்டின் பெயரில் எந்த வங்கியும் கடன் தராது.

தென்னந்தோட்டத் துண்டுகளில் பத்திரம் பொதுவாகச் சுத்தமாக இருக்கும். விற்கிற கம்பனிக்கு அதுவே முதல். அங்கே பார்க்க வேண்டியவை வேறு. தோட்டத்தைத் துண்டாட உரிய அனுமதி பெறப்பட்டதா? பிரிவிடல் வரைபடத்தைப் பிரதேச சபை அங்கீகரித்ததா? ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், றோட்டு நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதி. விளம்பரத்தில் சிறுவர் பூங்கா என்று பச்சை பூசிய அந்தத் துண்டு சட்டப்படி சபைக்குக் கையளிக்கப்பட்டதா, அல்லது பிறகு விற்பதற்காகக் கம்பனியின் பெயரிலேயே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். றோட்டுக்கும் அதே கேள்விதான். சபை பொறுப்பேற்காத றோட்டில் மழைக்குக் குழி விழுந்தால் மண் போடுவது குடியிருப்பவர்களின் வேலை.

கடலும் அயலும்

கடலோரத்தில் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அங்கே கட்டுவதற்கு அனுமதி வேண்டும். 2004 சுனாமி இந்தக் கரையை ஏறத்தாழத் தொடாமல் விட்டது. ஆனால் மாரவில, சிலாபம் பக்கங்களில் கடலரிப்பு ஆண்டுதோறும் நிலத்தைத் தின்கிறது. கடலுக்கு முன்வரிசைத் துண்டு என்பது அங்கே உயர்ந்த விலைக்குக் குறுகிய ஆயுளை வாங்குவது.

அயலில் என்ன வருகிறது என்பதும் பழைய ஊருக்கும் புதிய குடியிருப்புக்கும் பொதுவான கேள்வி. 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2014இல் 900 மெகாவாட்டை எட்டியது. நிலக்கரித் தூசும் சாம்பலும் காற்றில் வருவதாகச் சுற்றியுள்ள மக்கள் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளார்கள். கொழும்புக் குப்பையை 2019இல் மாவட்டத்திலுள்ள அருவக்காட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கியபோது புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை நடத்தியதில் ஊரின் பழைமைக்குப் பங்குண்டு. பள்ளிவாசல்களும் சங்கங்களும் ஒருவரையொருவர் அறிந்த குடும்பங்களும் இருக்கிற இடத்தில்தான் ஒரு அழைப்புக்கு ஆயிரம் பேர் கூடுவார்கள். எல்லோரும் புதியவர்களாக இருக்கும் துண்டுக் குடியிருப்பில் அந்தப் பலம் உருவாகச் சில தசாப்தங்கள் பிடிக்கும்.

2009இல் போர் முடிந்த பின் சந்தையில் புதிய வகை வீடுகள் வந்தன. மன்னார் மாவட்டத்து முசலியிலும் யாழ்ப்பாணத்திலும் தங்கள் காணியைத் துப்புரவாக்கிக் குடியேறியவர்கள் சிலர் புத்தளத்து வீட்டை விற்றார்கள். வேறு பலர் பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்திலும் வயலுக்காக வடக்கிலும் என்று இரண்டு இடத்திலும் கால்வைத்தார்கள். வடக்கில் பத்தாண்டுக்கு மேல் பிறர் குடியிருந்த காணிகளை ஆட்சியுரிமையின் பேரால் இழக்காமலிருக்க, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காத விசேட ஆட்சியுரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதனால் அங்கே காணியை மீட்டவர் இங்கே விற்கும்போது, வாங்குகிறவருக்கு இருபதாண்டுப் பழக்கமுள்ள கிணறும் காய்க்கும் தென்னையும் பக்கத்தில் பாடசாலையும் சேர்ந்தே கிடைக்கின்றன. திட்டத்தில் கட்டிய வீடு, உதவிப் பணத்தில் கட்டிய வீடு, தன் காசில் வாங்கிய வளவு என மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், கிராம உத்தியோகத்தரிடம் குடும்பத்தின் பதிவையும் காணிப் பதிவகத்தில் துண்டின் வரலாற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த பிறகே நொத்தாரிசிடம் போவது வழக்கமாகியிருக்கிறது.