அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி: வாங்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

கம்பத்தில் இரண்டு, மூன்று ஏக்கர் நிலம் வைத்திருப்போருக்குப் புல் ஓயாத தலைவலி. நம் நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் புல் வளராத மாதமே இல்லை. வெட்டுவதற்கு ஆள் கிடைக்காதபோது, அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்தை வாங்கிவிடலாமா என்று யோசிப்போர் உண்டு. கடைக்குப் போகும் முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். இயந்திரம் பயன்படுமா என்பதை அதன் குதிரைசக்தியைவிட நிலத்தின் அமைப்பே முடிவு செய்கிறது.

நேரம் எவ்வளவு மிச்சம்?

வெட்டும் அகலம் 42 அங்குலம் உள்ள இயந்திரம் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகமாக வெட்டும். திரும்புவதற்கும் மரங்களைச் சுற்றிப் போவதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்தால், ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தடி, வேலியோரம், கால்வாய்க்கரை ஆகியவற்றுக்குத் தோளில் மாட்டும் புல்வெட்டி அப்போதும் தேவைப்படும்.

எந்த நிலத்திற்குப் பொருந்தும்?

15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கின்றனர். பத்து அடி தூரத்தில் ஏறக்குறைய 2.7 அடி உயர்ந்தால் அது 15 பாகை. சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் கவிழும் அபாயம் அதிகம்.

ஓட்டுநருடன் சேர்த்து ஏறக்குறைய கால் டன் எடை கொண்ட இயந்திரம் சதுப்பு நிலத்தில் புதையும். செம்பனை வரிசைகளுக்கிடையே மட்டைகள் குவிந்திருந்தால் ஓட்ட வழியிருக்காது. முழங்காலுக்கு மேல் வளர்ந்த லாலாங் புல், புல்தரைக்கென்று செய்த இயந்திரத்தைத் திணறடிக்கும். அதற்குப் புதர் வெட்டும் வகை வேண்டும்.

‘பல வேலை செய்யும்’ என்றால்?

சிறு இழுவண்டி, மருந்து தெளிப்பான் ஆகியவற்றைப் பல இயந்திரங்கள் இழுக்கும். ஆனால் புல்தரை வகையின் கியர் பெட்டி உழவு போன்ற கடும் வேலைக்குச் செய்யப்பட்டதன்று. எவ்வளவு எடை இழுக்கும், உத்தரவாதம் அதற்கும் பொருந்துமா, கத்தியும் பெல்ட்டும் அருகிலுள்ள பட்டணத்தில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

ஓர் உதாரணம்: ஆள் வைத்து வெட்ட ஒருமுறைக்கு 300 வெள்ளி, ஆண்டுக்கு 8 முறை என்றால் 2,400 வெள்ளி. இயந்திரம் 15,000 வெள்ளி, 8 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 1,875 வெள்ளி. எண்ணெய், கத்தி, பெல்ட், பேட்டரி என்று 600 வெள்ளி சேர்த்தால் 2,475 வெள்ளி. ஆக, லாபம் இல்லை. அதே நிலத்தை மாதம் இருமுறை வெட்ட வேண்டியிருந்தால் ஆள்கூலி 7,200 வெள்ளியாகும். அப்போது எண்ணெய்ச் செலவு கூடினாலும் இயந்திரமே மேல். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பு

சுழலும் கத்தி கல்லை வேகமாக எறியும். வெட்டும்போது பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. மடியில் வைத்து ஓட்டவே கூடாது. கவிழ்வுத் தடுப்புச் சட்டம் உள்ள இயந்திரத்தில் இருக்கைப் பட்டை கட்டாயம்.

சமமான, திறந்த நிலத்தை அடிக்கடி வெட்டுவோர் துணிந்து வாங்கலாம். மேடு பள்ளமும் மரமும் நிறைந்த நிலத்திற்கு ஆளோ வாடகை இயந்திரமோ போதும். அண்டை நிலத்தாருடன் கூட்டாக வாங்குவோர், பழுதுச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.