கேரவனோட தாமிரபரணி ட்ரிப்... ஐப்பசியில வண்டியை எங்கே நிறுத்துறது பாஸ்?

அக்டோபர் வந்தாலே இன்ஸ்டாவைத் திறக்க முடியலை. சிவப்பும் மஞ்சளுமா இலை உதிரும் சாலை, காருக்குப் பின்னால கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போற ஒரு குட்டி வீடு, கதவைத் திறந்தா ஏரி. அதே ட்ரெய்லரை நம்ம திருநெல்வேலிப் பக்கம் இழுத்துட்டு வந்தா என்ன ஆகும்?

முதல்ல ஒண்ணு. இங்கே இலையுதிர் காலமெல்லாம் கிடையாது. அக்டோபர், நவம்பர்னா ஐப்பசி அடைமழை. கார் அறுப்பு முடிஞ்சு பிசான நடவுக்கு வயல்ல தண்ணி கட்டுற நேரம். சேரன்மகாதேவியில இருந்து அம்பாசமுத்திரம் போற வழியில, மழை விட்ட ஒரு காலையில பொதிகை மலை மேல மேகம் இறங்கி நிக்கும், கீழே வயல் முழுக்க வானம் தெரியும். எந்த மேப்பிள் இலையும் இதுக்கு ஈடில்லைங்கிறது என் கட்சி.

ஆனா அந்த மழையிலதான் சிக்கலும் இருக்கு. பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடல் சேர்ற தாமிரபரணியோட நீளமே சுமார் 128 கி.மீ.தான். மலைக்கும் கடலுக்கும் நடுவுல தூரம் குறைவு. மேலே கொட்டினா கீழே சீக்கிரம் வந்துடும். 1992 நவம்பர் 13 வெள்ளத்தை நெல்லையில பெரியவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட சுமார் 800 பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. ரயிலுக்கே அந்தக் கதின்னா, ஆத்து மணல்ல நிறுத்தின ட்ரெய்லரை நினைச்சுப் பாருங்க.

அதனால ரூல் நம்பர் ஒன்: படித்துறை, மணல் திட்டு, தடுப்பணைக் கரை எங்கேயும் ராத்திரி தங்காதீங்க. உங்க தலைக்கு மேல மழையே இல்லாட்டியும் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள்ல தண்ணி திறந்தா ஆறு ஏறும். 'டிஎன் அலர்ட்' ஆப்பைப் போன்ல வச்சுக்கோங்க, கிளம்புற அன்னிக்கு அணை நிலவரத்தையும் விசாரிங்க. வெள்ளத்தோட எப்படி வாழ்றதுன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ஆத்துக்குள்ளயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில்ல, தண்ணி ஏறினா உற்சவரை மேலக் கோயிலுக்குக் கொண்டுபோயிடுவாங்க. சாமியே மேட்டுக்குப் போகுது, நாம போக மாட்டோமா?

சரி, எங்கேதான் நிறுத்துறது? கேரளா 2021-ல 'கேரவன் கேரளா'ன்னு தனித் திட்டமே கொண்டுவந்து பார்க்கிங் பார்க் வரைக்கும் போயிட்டாங்க. இங்கே நாமதான் இடம் தேடணும். காம்பவுண்ட் இருக்கிற லாட்ஜ், தோட்டத்து வீடு, கல்யாண மண்டப வளாகம்... கேட்டுப் பாருங்க, காசு கொடுத்தா பெரும்பாலும் சம்மதிப்பாங்க. கரன்ட், டாய்லெட் ரெண்டும் கிடைக்கும். இடம் மேடா இருக்கணும், தரை கெட்டியா இருக்கணும். கரிசல் மண்ணுல ஒரு மழை பெய்ஞ்சா சக்கரம் புதைஞ்சுடும், அப்புறம் டிராக்டர்தான்.

திருநெல்வேலியில இருந்து மேற்கே போனா பத்தமடை. கோரைப்பாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர். ட்ரெய்லர் தரையில விரிக்க ஒண்ணு வாங்கிக்கலாம், பட்டுப் பாய் வேணாம், மிதிக்க மனசு வராது. அடுத்து கல்லிடைக்குறிச்சி அப்பளம். அம்பாசமுத்திரத்துல ட்ரெய்லரைக் கழட்டி வச்சுட்டு வெறும் காரோட மேலே போறதுதான் புத்திசாலித்தனம். பாபநாசம் செக்போஸ்ட் தாண்டினா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல வந்தது, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம். காட்டுக்குள்ள வண்டி போட்டுத் தூங்கறதெல்லாம் நடக்காது. பகல்ல அகஸ்தியர் அருவியில குளிச்சுட்டு இறங்கிடுங்க. மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேணும், அந்தக் கொண்டை ஊசி ரோட்டுல ட்ரெய்லரை நினைக்கவே வேண்டாம். பாபநாசத்துல பழைய துணியை ஆத்துல விடுற வழக்கத்தை மட்டும் பார்த்துட்டு வாங்க, செய்யாதீங்க. மூட்டை மூட்டையா அள்ளுறாங்க.

திரும்பும்போது திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோட கலக்குற இடம். ஊர் மரங்கள்ல பறவைகள் கூடு கட்டுறதால 2005-ல பாதுகாப்பு ரிசர்வா அறிவிச்சாங்க. கோயில் கோபுரத்துக்குள்ள இருக்கிற ஓவியமும் மரச்சிற்பமும் தனி ரகம். என்னைக் கேட்டா, மொத்த ட்ரிப்புல ஒரே ஒரு இடம்தான்னா இதுதான். கிழக்குப் பக்கம் கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்னு ரோடு சமவெளி, ட்ரெய்லர் ஓட்டிப் பழகத் தோதானது.

பழகறதுன்னதும் ஞாபகம் வருது. ட்ரெய்லருக்கும் தனி ஆர்.சி., இன்ஷூரன்ஸ், நம்பர் பிளேட் வேணும். காரோட மேனுவல்ல எவ்வளவு எடை இழுக்கலாம்னு பார்த்துக்கோங்க. கனமான சாமானை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால வைங்க. பின்னால பாரம் ஏறினா வண்டி பாம்பா நெளியும். நெளிஞ்சா பிரேக்கை அமுக்காதீங்க, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க. ரிவர்ஸ் எடுக்க ஸ்டீயரிங்கோட அடிப்பக்கம் கை வைங்க, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கை அந்தப் பக்கம் போகணும். நான் இதை மண்டைல ஏத்திக்க ஒரு சாயங்காலமும் ஒரு டெயில் லேம்ப்பும் ஆச்சு. ஓடுற ட்ரெய்லருக்குள்ள யாரும் உக்காரக் கூடாது. கேஸ் சிலிண்டரை மூடிட்டுத்தான் கிளம்பணும்.

கடைசியா அல்வா. நெல்லையப்பர் கோயில் எதிர்ல இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், ரதவீதியில கூட்டம் நெருக்கியடிக்கும். ட்ரெய்லரை பாளையங்கோட்டைப் பக்கமே நிறுத்திட்டு, 1843-ல திறந்த சுலோச்சன முதலியார் பாலத்து வழியா ஆட்டோவுல டவுனுக்குப் போயிடுங்க. பாலத்துல இருந்து கீழே எட்டிப் பார்த்தா, நாளைக்கு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பலாம்னு ஆறே சொல்லிடும்.