பெருங்களத்தூர் ஹெரால்டு, நாவலூர் கொட்டகையில்

நாவலூரில் ஓ.எம்.ஆரை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் தகரக் கொட்டகையில் நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, பெயிண்டையும் பட்டியையும் உரித்த வெறும் தகடாக நிற்கிறது. பிறந்த ஊர் பக்கம்தான்: வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர். இத்தாலியின் மிக்கெலாட்டி வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் பெயரோடு வந்த கார் இது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இங்கே கட்டியது.

பாடியைப் பார்க்குமுன் ஒரு பழைய சங்கதி. 1953-இல் இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியாக அடித்துத் தர ஆளில்லை. அதனால்தான் தனி சேசிஸ் மேல் முன்பாதி, பின்பாதி, கூரை என்று துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கும் கார் ஆனது ஹெரால்டு.

ஆகவே துருவைக் கண்டதும் பதறக் கூடாது. கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு சல்லடையாக இருந்தாலும் பயமில்லை. அது பாரம் சுமப்பதில்லை, கழற்றி வேறு மாட்டலாம். உயிர் சேசிஸில் இருக்கிறது. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் டிக்கிக்கு அடியில் போகும் கைகளும்தான் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும் இடங்கள். டிங்கர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல தகடு கணீரென்கிறது. ஓரிடத்தில் சத்தம் மொத்தென்று விழ, ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துகிறார், உள்ளே போய்விடுகிறது. சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. வெறும் நசுங்கலுக்கு வட்டம் மட்டும். பிறகு டேப்பால் மூலைக்கு மூலை குறுக்களவு. இரண்டும் ஒத்து வராவிட்டால் என்றோ இடி வாங்கிய வண்டி.

வெட்டுமுன் கதவுகளை மாட்டிச் சந்து பார்க்க வேண்டும். மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் பாடி தொய்ந்திருக்கிறது. கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டு செய்யாமல் பாடியைத் தூக்கினால், திரும்ப வைக்கும்போது ஒரு கதவும் சாத்தாது. அவசரக்காரர்கள் பாடியைக் கெடுப்பது இங்கேதான்.

பின் கதவுதான் தலைவலி. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. அங்கிருந்து தகடு வரவழைக்க முடியாது. அடிப்பாகம் போயிருந்தால் ஷீட் வாங்கி, கையால் மடித்து, சுத்தியலால் வளைவு எடுக்க வேண்டியதுதான். முன் பானட்டின் பளபளப்பைவிட அந்தக் கதவின் நிலையைப் பார்த்துத்தான் நான் செலவுக் கணக்குப் போடுவேன்.

கடல் கிழக்கே கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் வெறும் தகடு ஒரே ராத்திரியில் பழுப்பேறும். சாக்பீஸ் குறிகளை போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் பிரைமர் அடித்துவிடுகிறார்கள்.