குத்தம்பாக்கம்: ஓர் ஊர் தன்னைத் தானே எழுப்பிய கதை

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் ஞாபகம் வருவது தொழிற்சாலைகள்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட், அத்திப்பட்டு அனல் மின் நிலையம்... கம்பெனி வந்தால் ஊர் முன்னேறும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதே மாவட்டத்தில், பூந்தமல்லி ஒன்றியத்தில், ஓர் ஊராட்சி வேறு வழியில் முயன்று பார்த்தது. அதுதான் குத்தம்பாக்கம். புறநகர்ப் பேருந்து நிலையத்தால் இன்று பலருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அதன் உண்மையான கதை 1990களில் நடந்தது.

அப்போது அங்கே கள்ளச்சாராயம், சாதிச் சண்டை, வறுமை மூன்றும் இருந்தன. பக்கத்திலேயே தொழிற்சாலைகள் இருந்தும் நிலைமை மாறவில்லை. அந்த ஊரின் தலித் குடியிருப்பில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருந்த ரங்கசாமி இளங்கோ, 1994ல் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

அது நல்ல நேரம். 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் அமலுக்கு வந்து, கிராம சபைக்குச் சட்டப்படி இடம் கொடுத்திருந்தது. தமிழ்நாட்டில் 1986க்குப் பிறகு 10 ஆண்டுகள் கழித்து, 1996ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் இளங்கோ ஊராட்சித் தலைவர் ஆனார்.

முதல் சோதனை ஒரு சாக்கடையில் வந்தது! கால்வாய் கட்ட, அருகில் வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார்கள். "மதிப்பீட்டில் சொன்னபடி கட்டவில்லை" என்று தலைவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். மிச்சம் பிடித்ததற்குத் தண்டனை! ஆனால் மக்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபையில் கூடி அவருக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பதவி திரும்பக் கிடைத்தது. கணக்கு தங்கள் முன்னால் வைக்கப்பட்டதால்தான் அவர்களால் அப்படி நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது சமத்துவபுரம். தமிழக அரசின் இந்தத் திட்டத்தில் பல சாதியினருக்கும் ஒரே இடத்தில் வீடு தரப்பட்டது. குத்தம்பாக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. இங்கே கட்டியவை 50 இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களால், உள்ளூர் ஆட்களின் உழைப்பில் எழுந்த வீடுகள் அவை. கட்டுமானக் கூலியும் ஊருக்குள்ளேயே தங்கியது.

வணிகவியல் படிக்கும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஊரில் நெல் விளைகிறது, ஆனால் அரிசியைக் கடையில் வாங்குகிறோம். எண்ணெய், பருப்பு, சோப்பு எல்லாம் அப்படித்தான். கையில் வரும் பணம் அன்றே வெளியே போய்விடுகிறது. நாம் வாங்கும் பொருட்களைச் சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்து தாங்களே தயாரித்துத் தங்களுக்குள் விற்றால், வேலையும் லாபமும் இங்கேயே சுழலும் என்பது இளங்கோவின் வாதம். நாடுகள் இறக்குமதியைக் குறைப்பது பற்றிப் பாடத்தில் படிக்கிறோமே, அதையே ஒரு கிராமத்துக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார்.

2001ல் மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு, மற்ற ஊராட்சித் தலைவர்களும் வந்து கற்றுக்கொள்ள 'பஞ்சாயத்து அகாடமி' தொடங்கப்பட்டது. 2006ல் அவர் பதவிக்காலம் முடிந்தது.

ஒரு தனி மனிதரால்தானே இதெல்லாம் நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் அன்று கிராம சபைக்கு மக்கள் வராமல் இருந்திருந்தால், அந்தச் சாக்கடையோடு கதை முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடுகிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. நீங்கள்?