ஜக் வைக்கும் இடம்: கொழும்பின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்

1950களில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் தனிச் சேஸியின் மீது உடல் பூட்டப்பட்டவை. எம்.ஜி. டிடியும் 1955இல் வந்த எம்.ஜி. ஏயும் அத்தகையவை. சேஸியின் கீழோ பின் அச்சுக் குழாயின் கீழோ ஜக்கை வைத்தால் கார் பத்திரமாக எழும்.

1958இல் வெளிவந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டுக்குச் சேஸி கிடையாது. தகட்டு உடலே பாரத்தைத் தாங்கியது. கதவுக்குக் கீழுள்ள துளையில் ஜக்கின் கையைச் செருகித் திருகினால், ஒரு பக்கத்துச் சில்லுகள் இரண்டும் ஒன்றாக உயரும். கொழும்புத் தெருக்களை நிறைத்த மொரிஸ் மைனருக்கும் இதே ஏற்பாடுதான். வழியில் சில்லு மாற்றுவதற்கு மட்டுமே அது போதுமானது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இந்த நெருக்கடி நீடித்தது. இருந்த காரையே காப்பாற்ற வேண்டிய நிலையில், கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளும் வீட்டு முற்றத்துப் பழுதுபார்ப்பும் இன்றியமையாதவை ஆயின.

கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில், காரை ஜக்கில் உயர்த்தும் வேலைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் உப்புக் காற்று ஓய்வதில்லை. வெளியே வண்ணம் மின்னினாலும், கதவடித் தகட்டுப் பெட்டிக்குள் துரு தின்றுகொண்டே இருக்கும். ஜக் துளை அந்தப் பெட்டியோடு ஒட்டியிருப்பதால், பாரம் ஏறும்போது தகடு கிழிந்து கார் சரியலாம். பழைய காரை உயர்த்துமுன் அந்த இடத்தைத் தட்டியும் குத்தியும் பார்ப்பது கட்டாயம். உளுத்திருந்தால் முதலில் வெல்டிங் வேலைதான்.

இப்படிப் பேணப்பட்ட கார்கள் துருவால் மட்டும் அழியவில்லை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்முறையில், கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளோடு அவர்களின் வாகனங்களும் எரிக்கப்பட்டன. ஒரு தலைமுறை பேணிக் காத்த பொருள்களின் அந்த இழப்புக்கு ஈடு எதுவும் இல்லை.

2020 மார்ச்சில் மீண்டும் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு நீங்கியது. பழைய காரைப் பேணும் தேவை அதனால் மறுபடி வலுத்தது. இன்று சில்லுகளில் உருளும் எண்ணெய் ஜக்கும், உயர்த்திய காரைத் தாங்கி நிறுத்தும் தாங்கு நிலைகளும் எளிதில் கிடைக்கின்றன. ஆயினும் எண்ணெய் ஜக் காரைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. அதன் சீல் கசிந்தால் கார் இறங்கிவிடும். சமமான கொங்கிரீட் தளத்தில் உயர்த்தி, உடனே பின் அச்சையோ சேஸியையோ தாங்கு நிலைகளில் அமர்த்த வேண்டும். ஓட்டைச் சீமெந்துக் கல் ஒரு புள்ளியில் விழும் பாரத்தில் நொறுங்கக்கூடியது. தாங்கலாக அதை வைக்கவே கூடாது. இக்கார்களின் கைத்தடை பின் சில்லுகளை மட்டும் பிடிப்பதால், பின்பக்கத்தை உயர்த்தியதும் அது பயனற்றுப் போகும். ஆகவே ஜக்கைத் தொடுவதற்கு முன்னரே முன் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும்.